அலாஸ்காவில் கரடிக்கு எந்தக் கைத்துப்பாக்கி, எந்தத் தோட்டா?

கேட்டவர் சியாட்டிலில் இருக்கிறார். ஆகஸ்டில் மனைவியோடும் மைத்துனரோடும் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்துக்கு சால்மன் பிடிக்கப் போகிறார்கள். பழுப்புக் கரடி நடமாடும் ஆற்றங்கரை. "ஒருத்தர் .44 மேக்னம் இல்லாமல் போகாதே என்கிறார், இன்னொருத்தர் 9 மி.மீ. போதும் என்கிறார். எந்தத் துப்பாக்கி வாங்குவது, அதில் எந்தத் தோட்டா போடுவது?" என்பது கேள்வி. நான் ஆங்கரேஜில் குடியிருப்பவன், அதே ஆறுகளில் மீன் பிடிப்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். உறையிலிருந்து உருவி, ஐந்து மீட்டர் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கில், இரண்டு மூன்று வினாடிக்குள் மூன்று குண்டுகளை உங்களால் போட முடிய வேண்டும். அப்படி முடிகிற துப்பாக்கிகளில் எது பெரியதோ அதுதான் உங்களுடையது. பெரும்பாலானவர்களுக்கு அது 10 மி.மீ. பிஸ்டலாகவோ .357 மேக்னம் ரிவால்வராகவோ இருக்கும் (ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும், பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில்). நிறையச் சுட்டுப் பழகியவர்களுக்கு .44 மேக்னம். தோட்டா எதுவானாலும் விரியாத, கெட்டியான, தட்டை மூக்குக் குண்டு உள்ளதாக இருக்கட்டும். இதற்கெல்லாம் முன்னால், ஆளுக்கொரு கரடி ஸ்பிரே, அதாவது மிளகாய்க் காரம் பீய்ச்சும் டப்பா.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் இதில்தான் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வாங்கினால் மட்டும்தான் என்றில்லை. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தாலும் "வைத்திருந்ததாக" எடுத்துக்கொள்ள முடியும். சில விலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. மீன்பிடி உரிமம் இதற்குச் செல்லாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. உங்களுக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு, மைத்துனர் எச்-1பி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மைத்துனர் கையில் துப்பாக்கியே வேண்டாம், ஸ்பிரே மட்டும் போதும். விலக்கை நம்பி ஏதாவது செய்வதாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதில் ஒரு தவறு நடந்தால் அவருடைய விசாவே போய்விடும்.

இன்னொன்று, கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். ஆங்கரேஜில் இறங்கிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு நடக்காது. காரில் போகும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வழியில் கனடா வருகிறது, கைத்துப்பாக்கியோடு அந்த எல்லையைத் தாண்ட முடியாது. அலாஸ்காவுக்குள் 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத ஒருவர் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே எடுத்துச் செல்லலாம். தேசியப் பூங்காக்களிலும் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்திருக்கலாம். ஆனால் வைத்திருக்கலாம் என்பதற்கும் சுடலாம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சரி, கரடிக்கு வருவோம். பழுப்புக் கரடி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வினாடிக்குப் பதினைந்து மீட்டர். கீனாய்ப் பக்கத்து ஆற்றங்கரைகளில் ஆல்டர் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும், அதில் முப்பது மீட்டர் பார்வை கிடைத்தாலே அதிகம். அதாவது, கரடி கண்ணில் பட்டதிலிருந்து உங்கள் மேல் வந்து விழும் வரை இரண்டே வினாடி. நம் ஊர் மலைகளில் திரியும் தேன்கரடியை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போடாதீர்கள். சால்மன் தின்று கொழுத்த கடலோர ஆண் கரடி நானூறு கிலோவைத் தாண்டும், கோடியாக் தீவில் அறுநூறைத் தொட்டதும் உண்டு.

இந்த மிருகத்தை உடனே நிறுத்த வேண்டுமானால் குண்டு மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டாக வேண்டும். இதயத்தைத் துளைத்தால் கரடி சாகும், ஆனால் உடனே சாகாது. ரத்தம் வடிந்து மூளைக்கு ஆக்ஸிஜன் தீரும் வரை பத்து வினாடிக்கு மேல் அதனால் இயங்க முடியும். அந்த நேரத்துக்குள் அது உங்களைச் சிதைத்துவிடும். அதனால் "எவ்வளவு சக்தி" என்ற கேள்வி இரண்டாவதுதான். எலும்பையும் தசையையும் தாண்டி உள்ளே எவ்வளவு ஆழம் போகும், அதை நீங்கள் சரியான இடத்தில் போடுவீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

சக்தியைக் கொஞ்சம் எண்ணில் பார்ப்போம். கனமான கரடித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டால் 9 மி.மீ. சுமார் 500 ஜூல் தரும். .357 மேக்னமும் 10 மி.மீ. ஆட்டோவும் 900 முதல் 1000 ஜூல். .44 மேக்னம் 1300 முதல் 1600. .454 கசூல் 2400-ஐத் தொடும். ஒரு சாதாரண .30-06 வேட்டை ரைஃபிள் 3900 ஜூல் பக்கம், 12 காஜ் ஷாட்கனில் போடும் ஸ்லக் என்ற ஒற்றைப் பெரிய குண்டு 3300 பக்கம். கைத்துப்பாக்கி எதுவாக இருந்தாலும் ரைஃபிளோடு ஒப்பிட்டால் பலவீனமான ஆயுதம்தான். அதை நாம் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே காரணம், இரண்டு கையிலும் தூண்டில் இருக்கும்போதும் அது உடம்போடு ஒட்டி இருக்கும். ரைஃபிள் அப்போது மரத்தில் சாய்ந்து நிற்கும்.

9 மி.மீ. போதும் என்பவர்கள் சொல்லும் கதை உண்மைக் கதை. 2016-ல் அலாஸ்காவின் அனுபவமிக்க வழிகாட்டி ஃபில் ஷூமேக்கர், மீன்பிடிக்க அழைத்துப்போனவர்கள் மேல் பாய்ந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலால் சுட்டுக் கொன்றார். ஆனால் இதில் கவனிக்க வேண்டியவை வேறு. அவர் வாழ்நாள் முழுக்கக் கரடிகளோடு புழங்கியவர், எங்கே சுட வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லாதவர். அவர் துப்பாக்கியில் இருந்தது ஆழமாகத் துளைக்கும் 147 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஹார்ட் காஸ்ட், அதாவது கெட்டியாக வார்த்த ஈயக் குண்டு உள்ள தோட்டா, நகரத்தில் தற்காப்புக்குப் போடும் தோட்டா இல்லை. சரியான இடம், சரியான குண்டு இரண்டும் சேர்ந்தால் சின்னத் துப்பாக்கியும் வேலை செய்யும் என்பதற்குத்தான் அது சாட்சி. கையில் வேறு எதுவும் இல்லாதவர் அதைத் தூக்கிப்போட வேண்டாம். புதிதாக வாங்குபவர் அங்கிருந்து தொடங்கவும் வேண்டாம்.

மறுபக்கம் .44 மேக்னம். 1950-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-ஓடு வந்தது, அலாஸ்காக்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டு தொங்கியது. அதன் தகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் உதைப்பு நீங்கள் நினைப்பதைவிட மோசம். முதல் குண்டு போனதும் குழல் நெற்றி உயரத்துக்குக் கிளம்பிவிடும். அதை மறுபடி இலக்குக்குக் கொண்டுவந்து இரண்டாவதைச் சுடுவதற்குள் கரடி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஸ்காண்டியம், டைட்டேனியம் கலந்து 700 கிராமுக்கு வரும் .44 ரிவால்வர்களும் உண்டு. அவற்றில் முழு வீச்சுத் தோட்டா போட்டுச் சுட்டால் உள்ளங்கை அன்று முழுவதும் வலிக்கும். பலர் ஒரே நாளில் ஒரு பெட்டியைக்கூட முடிக்காமல், அப்படியே பழக்கமில்லாமலேயே காட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். .454 கசூல், .500 எஸ் அண்ட் டபிள்யூ இரண்டும் அதைவிடப் பல படி மேலே. முதல் கைத்துப்பாக்கி வாங்குபவர் அவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அந்த லேசான ரிவால்வர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு, கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது அல்லவா, அப்போது உருளையில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் பித்தளைக் கூடும் சேர்ந்து பின்னால் போகும். கூட்டின் முனையில் செருகியிருக்கும் கனமான குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் விளிம்பு குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து உருளைக்கு வெளியே மூக்கை நீட்டிவிடும். அப்புறம் உருளை சுழலாது, துப்பாக்கி வெறும் இரும்பு. நீங்கள் வாங்கும் தோட்டாவை இப்படிச் சோதியுங்கள்: ஆறு போட்டு, ஐந்தை மட்டும் சுட்டு, ஆறாவதை வெளியே எடுத்துப் புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

கடந்த சில வருடங்களாக அலாஸ்காவில் .44-இன் இடத்தை 10 மி.மீ. பிடித்துக்கொண்டு வருவது இதனால்தான். 1983-ல் வந்த தோட்டா. குளோக் 20 பிஸ்டலில் மேகசினுக்குப் பதினைந்து. தோட்டா நிரப்பினாலும் எடை 1.1 கிலோ அளவுதான். உதைப்பு 9 மி.மீ.யைவிடக் கணிசமாக அதிகம், ஆனால் பழகினால் சமாளிக்கலாம். கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியுஸ் படை, பனிக்கரடிக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கியும் இந்தக் குளோக் 20-தான். அவர்களிடம் .30-06 ரைஃபிளும் உண்டு, அதையும் சேர்த்தே படியுங்கள்.

பிஸ்டலுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. குழலின் வாயைக் கரடியின் உடம்பில் அழுத்திச் சுட நேர்ந்தால் மேலே உள்ள ஸ்லைடு சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளப்பட்டுவிடும். அந்த நிலையில் விசையை இழுத்தால் வெடிக்காது. மல்லாந்து விழுந்து, மணிக்கட்டு தளர்ந்த நிலையில் சுட்டால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ரிவால்வருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அழுத்திப் பிடித்தாலும் சுடும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். உங்கள் மனைவி ஏற்கெனவே பயிற்சிக் களத்தில் .357 ரிவால்வர் சுட்டிருக்கிறார் என்றீர்கள். அவருக்கு அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு அங்குலக் குழல், எஃகு உடம்பு, 180 கிரெயின் ஹார்ட் காஸ்ட். பயிற்சிக்கு அதிலேயே .38 ஸ்பெஷல் என்ற வீரியம் குறைந்த தோட்டாவைப் போட்டு மலிவாக, கை நோகாமல் சுடலாம். .44 மேக்னம் வாங்கினால் அதே மாதிரி .44 ஸ்பெஷல்.

இப்போது குண்டு. நகரத்தில் தற்காப்புக்கு எல்லோரும் போடும் ஹாலோ பாயிண்ட், உடம்பில் புகுந்ததும் பூப்போல விரிந்து வேகத்தை அங்கேயே இழக்கும்படி செய்யப்பட்டது. மனிதனுக்கு அது சரி, பின்னால் நிற்பவரைத் துளைக்காது. கரடியின் தோளில் கொழுப்பும் கனத்த தசையும் எலும்பும் இருக்கின்றன. விரிகிற குண்டு பாதியிலேயே நின்றுவிடும். தேவை இதற்கு நேர் எதிரானது. ஹார்ட் காஸ்ட் என்றால் ஈயத்தோடு ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து கெட்டியாக வார்த்த குண்டு. மூக்கு கூராக இல்லாமல் அகலமாகத் தட்டையாக இருக்கும். தட்டையாக இருப்பதால் எலும்பில் பட்டு வழுக்காமல் நேராகப் போகும், வழியில் அகலமான காயத்தையும் உண்டாக்கும். முழுச் செம்பில் கடைந்த விரியாத குண்டுகளும் நல்லவைதான்.

10 மி.மீ.யில் 200 அல்லது 220 கிரெயின், .44-இல் 240 முதல் 305 வரை. பஃபலோ போர், அண்டர்வுட், ஃபெடரல் மூன்றுமே இந்த வகையில் தோட்டா தருகின்றன. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பாருங்கள். 10 மி.மீ. என்று பெயர் போட்டு, அதைவிடச் சிறிய .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா அளவுக்கே வீரியம் உள்ள பயிற்சித் தோட்டாக்கள் நிறைய விற்கின்றன. குளோக்கின் பழைய மாடல்களில் குழலின் உட்புறம் பலகோண வடிவம். கவசமில்லாத ஈயக் குண்டு அதில் படிந்து அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் நிறுவனமே வேண்டாம் என்கிறது. பூச்சுப் போட்ட குண்டையோ செம்புக் குண்டையோ போடுங்கள். எதை எடுத்தாலும் அதே தோட்டாவில் குறைந்தது ஐம்பது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

உறையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் துப்பாக்கிக்கு ஈடாக முக்கியமானது அதுதான். ஆற்றில் இறங்க வேடர்ஸ் (தண்ணீர் புகாத உயரமான காலுடை) போட்டிருப்பீர்கள், நடக்கும்போது முதுகுப்பையின் பட்டை இடுப்பைச் சுற்றி இருக்கும். இடுப்பு உறைக்கு இடமே இருக்காது. அதனால்தான் இங்கே எல்லோரும் மார்புக்குக் குறுக்கே கட்டும் உறையைப் போடுகிறார்கள். மழைக்கோட்டுக்கு உள்ளே கட்டாதீர்கள், வெளியே கட்டுங்கள். பைக்குள் வைத்த துப்பாக்கி இல்லாத துப்பாக்கிக்குச் சமம். பிஸ்டலானால் குழலின் பின்பகுதியில் உள்ள வெடியறையில் தோட்டா ஏற்றியே இருக்க வேண்டும். கரடி பாயும்போது ஸ்லைடை இழுக்க நேரம் கிடைக்காது. அப்படி ஏற்றி வைக்கப் பயமாக இருந்தால் அது நியாயமான பயம்தான், அப்போது ரிவால்வருக்குப் போய்விடுங்கள்.

எங்கே சுடுவது? பாய்கிற கரடி தலையைத் தாழ்த்தி வரும். அதன் மண்டை ஓடு பின்னோக்கிச் சரிந்தது, மூளை நாம் நினைப்பதைவிடக் கீழே இருக்கிறது. கண்களுக்கு மேலே சுட்டால் வெறும் தசையிலும் சரிவான எலும்பிலும் போகும். கண்களுக்கு நடுவில், மூக்குக்கு மேல் குறி வையுங்கள். தலை தூக்கியிருந்தால் தாடைக்குக் கீழே மார்பின் நடுவில். பக்கவாட்டில் நின்றால் முன்தோள். ஒரு குண்டு போட்டு என்ன ஆகிறது என்று பார்க்காதீர்கள், கரடி விழும் வரை சுட்டுக்கொண்டே இருங்கள். எச்சரிக்கைக்கு வானத்தில் சுடுவது கரடி தூரத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

ஸ்பிரே ஏன் முதலில் என்றேன் என்றால், கரடி ஆய்வாளர்களான டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்பட்ட 83 சம்பவங்களை அலசியது. பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதம் பலித்திருக்கிறது, நெருக்கத்தில் பயன்படுத்தியவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. 2012-ல் அவர்களே துப்பாக்கி சம்பந்தமான 269 சம்பவங்களைப் பார்த்தார்கள், கைத்துப்பாக்கி பலித்தது 84 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. சம்பவங்கள் வேறு, சேகரித்த விதம் வேறு, சாதாரணமாகத் துரத்த ஸ்பிரே அடித்த கரடியும் பாய்ந்து வந்த கரடியும் ஒன்றில்லை. ஆனால் துப்பாக்கி ஏன் தோற்றது என்று அவர்கள் சொன்ன காரணங்களைப் படிக்க வேண்டும். எடுக்கவே நேரம் கிடைக்கவில்லை. கையில் இருந்தும் சுடவில்லை. பாதுகாப்புப் பூட்டு விலக்கப்படவில்லை. குறி தப்பியது. தோட்டா தீர்ந்தது. தடுக்கி விழுந்தார். துப்பாக்கி சின்னதாக இருந்ததைவிட இவைதான் ஆளைக் கவிழ்த்திருக்கின்றன.

ஸ்பிரேயில் குறி பார்க்க வேண்டியதில்லை. பத்து மீட்டரில் சற்றுத் தாழ்வாக அடித்தால் மிளகாய்க் காரம் மேகமாக எழும், கரடி அதற்குள் ஓடிவரும். கரடியின் பாய்ச்சலில் பெரும்பகுதி மிரட்டல்தான், கடைசியில் திரும்பிவிடும். குட்டியைக் காக்க வந்த தாயைக் கொல்லாமல் இரண்டு பக்கமும் பிழைப்பது எனக்குப் பெரிய விஷயம். எதிர்க்காற்று, கொட்டும் மழை, கூடாரத்துக்குள் கரடி, இவைதான் ஸ்பிரே தடுமாறும் இடங்கள், துப்பாக்கிக்கு அங்கே வேலை உண்டு. கூட வந்தவர் மேல் கரடி ஏறிவிட்டால்? தூரத்திலிருந்து சுட்டால் அவர் மேல் படும். ஸ்பிரே என்றால் அவர் மேலும் சேர்த்து அடிக்கலாம், எரியும், பிழைப்பார். குறைந்தது 225 கிராம் கொண்ட, கரடிக்கென்று பதிவு பெற்ற டப்பாவாக வாங்குங்கள், ஆளைத் தடுக்கும் பெப்பர் ஸ்பிரே உதவாது.

கீனாயில் ரஷ்யன் ரிவர் பக்கம் போனால் பிடித்த மீனையும் பையையும் கையெட்டும் தூரத்திலேயே வையுங்கள். பேசிக்கொண்டே நடங்கள். மீன் கழிவைக் கரையில் விடாமல் அங்கே எழுதியிருக்கும் விதிப்படி செய்யுங்கள். கரடி வந்தால் தூண்டில் நூலை வெட்டிவிட்டு இடம் கொடுங்கள், துள்ளுகிற மீனின் சத்தம்தான் அதை இழுக்கிறது. 2012-ல் டெனாலி பூங்காவில் கரடியால் ஒருவர் இறந்தார், அந்தப் பூங்காவின் வரலாற்றில் தெரிந்தவரை அதுவே முதல் தடவை. அவர் கேமராவில் கரடியைப் பல நிமிடம் பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. தூரமாக விலகியிருந்தால் அங்கே எந்த ஆயுதமும் தேவைப்பட்டிருக்காது.

உயிரைக் காக்கக் கரடியைச் சுட்டுவிட்டால் வேலை அதோடு முடியாது. அலாஸ்கா சட்டப்படி நீங்களே தோலை நகங்களோடு உரித்து, மண்டை ஓட்டையும் எடுத்து மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள் எழுத்தில் அறிக்கையும் தர வேண்டும். உணவைத் திறந்து வைத்துக் கரடியை நீங்களே வரவழைத்திருந்தால் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

விமானத்தில் துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் மேசையில் சொல்லிவிட்டு அனுப்பலாம். தோட்டா அதற்கான பெட்டியில், பெரும்பாலான நிறுவனங்களில் ஐந்து கிலோ வரை. நேரடி விமானமாகப் பார்த்து எடுங்கள், கனடாவின் வான்கூவர் வழியாகப் போகிற டிக்கெட் வேண்டாம். ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது. ஆங்கரேஜில் இறங்கியதும் மூன்று டப்பாவும், காரமில்லாத பயிற்சி டப்பா ஒன்றும் வாங்குங்கள். மைத்துனரை விடுதி முற்றத்திலேயே ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது மிச்சமிருப்பதை விடுதி வரவேற்பில் கொடுத்துவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.